உள்பக்கம் தின்னும் வண்டி

கடையநல்லூரில் ஒரு வண்டியின் பெருமையை அதில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை வைத்துத்தான் அளப்பார்கள். கல்யாணத்துக்குப் போகிற வேனில் இருபத்தைந்து பேர். ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர், டிரைவர் நினைத்தால் பன்னிரண்டு. புளியங்குடிக்கு எலுமிச்சம்பழம் ஏற்றிப் போகிற மினி லாரியில் மூட்டைகளுக்கு மேலே நாலு பேர். இந்தக் கணக்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குக் கடைசி இடம். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, வேண்டும்போது மடித்துப் பின்னால் செருகிக்கொள்ள ஒரு கூரை. ஜெர்மன்காரன் செய்தது. விலையைக் கேட்டு முதலில் வாயைப் பிளந்தவர்கள், "ரெண்டே பேருதானா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

வண்டி என்னுடையதல்ல. என் மனைவியின் தம்பி துபாயில் இருக்கிறான். ஊரில் பாதி வீடுகளுக்கு வளைகுடாவில் ஒரு மாப்பிள்ளையோ மச்சானோ உண்டு. பிறர் வீட்டு மச்சான்கள் தைலம், போர்வை, பேரீச்சம்பழம் என்று அடக்கமாக அனுப்புவார்கள். எங்கள் மச்சான் விடுமுறையில் வந்து, கொச்சியில் செகண்ட்ஹேண்டில் இதைப் பிடித்து, ஆரியங்காவு வழியாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். லீவு முடிந்ததும் சாவியை என் கையில் திணித்தான். "அத்தான், வாரத்துக்கு ஒருக்கா எடுத்து ஓட்டிப்போடுங்க. ஒரே இடத்துல நின்னா டயர் அமுங்கிரும்." அதோடு விமானம் ஏறிவிட்டான்.

வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பேரேடு எழுதி எழுதியே ஓய்வுபெற்றவன் நான். அதுவரை என் கையால் நான் ஓட்டியதில் மிக வேகமானது டி.வி.எஸ். 50. ஆனாலும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். வேட்டி கட்டிக்கொண்டு அந்த இருக்கையில் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது: முதலில் பின்பக்கத்தை உள்ளே விட வேண்டும், பிறகு கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும், கடைசியில் வேட்டியைச் சேகரித்துக்கொள்ள வேண்டும். இறங்குவதற்கு முறை எதுவும் கிடையாது. யாராவது கைகொடுக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை என்று மச்சான் சொன்னது, நான் பழகிய பிறகு காலையும் மாலையும் என்றாகிவிட்டது. பால் வாங்க, கிருஷ்ணாபுரம் ஆஞ்சநேயரைச் சேவிக்க, தென்காசியில் பென்ஷன் வேலை பார்க்க, தோப்பிலிருந்து தேங்காய் கொண்டுவர. கடைசிக் காரியத்துக்கு அந்த வண்டியைப் படைத்தவன் சம்மதித்திருக்க மாட்டான். கூரை மடங்கிக் கிடக்கும்போது டிக்கியில் ஒரு சாக்கு தேங்காய்தான் பிடிக்கும். கூரையை ஏற்றிவிட்டால் ரெண்டு சாக்கு. ஆகவே நல்ல சாரல் அடிக்கிற ஆனி மாதத்தில் நான் கூரையோடும், உச்சி வெயில் சித்திரையில் தேங்காய் இல்லாததால் கூரையில்லாமலும் போய்க்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தார்களோ, அதை நான் மறுக்கவில்லை.

டயர்களை மட்டும் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, கறுப்பு பாலீஷ் போட்டு, ஒரு பழைய பனியனால் தேய்த்து, தூரத்தில் போய் நின்று அழகு பார்ப்பேன். வெளிப்பக்கம் பட்டன் புத்தம் புதிதாக இருந்தது. தெருவில் போகிறவர்களிடம் "பாத்தியளா, தேய்மானமே இல்ல. ஓட்டுற கையில இருக்கு" என்று சொல்லிக்கொள்வேன். சொல்லிச் சொல்லி அதை நானே நம்பத் தொடங்கினேன்.

அந்தக் காலத்தில்தான் பின்னால் இடது பக்கத்திலிருந்து 'ஊம்...' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உறுமத்தானே செய்யும் என்று நினைத்துப் பெருமையாகவே கேட்டுக்கொண்டு போனேன். மெயின் ரோட்டுப் பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்க நிறுத்தியபோது, கடைக்காரத் தம்பி தரையில் மல்லாக்கப் படுத்துத் தலையை வண்டிக்குக் கீழே விட்டான். அங்கிருந்தே குரல் வந்தது.

"அண்ணாச்சி, கம்பி தெரியுதுல்லா!"

"எங்கடே?"

"உள்பக்கம். வெளிய பூரா பட்டன் அப்படியே நிக்கி. உள்ள மொட்டையடிச்சுக் கெடக்கு. இது என்ன வண்டி, இப்படி டயர் தின்னுது?"

நானும் படுத்துப் பார்த்தேன். படுத்தது எளிது. டயரின் உள்விளிம்பில் விரல் பருமனுக்கு ஒரு பட்டை முழுக்க வழுவழுவென்று ரப்பர் போய், அதற்கும் உள்ளே பொடிப்பொடியாக எஃகுக் கம்பி முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. தொட்டேன், விரலில் ரத்தம் வந்தது. நான் ஆசை ஆசையாகப் பாலீஷ் போட்டது இந்த டயரின் முகத்துக்கு மட்டும்தான். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருக்கிறார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். வெளிப்பக்கம் அந்த மேடு ஆழத்தில் பத்திரமாக இருந்தது. உள்பக்கம் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

தம்பி அங்கேயே டயரின் சுவரில் இருந்த எண்ணையும் படித்துச் சொன்னான். நீள்வட்டத்துக்குள் 3416. அதாவது 2016ஆம் வருஷம் 34ஆவது வாரம் செய்த டயர். கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். "டயர் புதுசு" என்று சொல்லித்தான் மச்சானிடம் விற்றிருந்தார்கள். விற்றவர் சொன்னது பொய்யில்லை. 2016இல் அது புதுசுதான்.

அன்றைக்கு மாலைக்குள் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லாமல் போக மாட்டார்கள். வண்டிக்கும் அதே மரியாதை கிடைத்தது. எதிர்வீட்டுப் பெரியவர் குனியாமலே நோயைக் கண்டுபிடித்தார். "ஒத்தை ஆளாப் போகக் கூடாது. பாரம் ஒரு பக்கமா இறங்கும்." நான் உட்காருவது வலப்பக்கம், கம்பி தெரிவது இடப்பக்க டயரில் என்றேன். சற்று யோசித்து, "அப்ப அந்தப் பக்கம் யாரு உக்காருதா?" என்றார். ஜன்னலுக்குள்ளிருந்து என் மனைவி தொண்டையைச் செருமினாள். பெரியவர் விடைபெற்றார்.

இன்னொருவர் ஆயுத பூஜைக்கு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டார். வைத்தோம். நாலு சக்கரத்துக்கும் வைத்தோம். எலுமிச்சைக்குப் பஞ்சமான ஊரா இது? ஏற்றி நசுக்கும்போது இடது பின் சக்கரத்துக்கடியில் இருந்த பழம் மட்டும் முழுக்க நசுங்காமல் பக்கவாட்டில் பிதுங்கி ஓடியது நினைவுக்கு வந்தது. அந்தப் பழம் அன்றைக்கே நோயைச் சொல்லிவிட்டது, எங்களுக்குத்தான் விளங்கவில்லை.

வேறொருவர் சாதாரணக் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் பிடிக்கச் சொன்னார். காற்றில் ஐந்தில் நாலு பங்கு ஏற்கெனவே நைட்ரஜன்தான். மிச்சம் ஒரு பங்கை மாற்றக் காசு கொடுக்கிறோம். கொடுத்தேன். தேய்மானம் அதைக் கண்டுகொள்ளவில்லை. காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் தேய்ந்தால் காற்றின் மேல் பழிபோட முடியாது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் வீடியோவில் வந்து, "அப்பா, வீல் அலைன்மெண்ட் பாருங்க" என்றான். எல்லா யோசனையிலும் சரியானது அதுதான். நாங்கள் பெற்ற பிள்ளை சொன்னதால் அதைக் கடைசியில்தான் எடுத்துக்கொண்டோம்.

என் மனைவி மட்டும் வேறு மாதிரி பார்த்தாள். வாசலில் கிடந்த என் செருப்பைத் திருப்பிக் காட்டினாள். "உங்க செருப்பும் இப்படித்தான் ஒரு ஓரமாத் தேயும். வருஷத்துக்கு ரெண்டு ஜோடி. வண்டியும் உங்க நடையப் பழகியிருக்கு." செருப்பு தேய்வது வெளி ஓரம், டயர் தேய்வது உள் ஓரம் என்று விளக்கினேன். "அப்ப ரெண்டையும் சேத்தா சரியாயிரும்" என்று உள்ளே போய்விட்டாள்.

சரி, டயரை இடம் மாற்றிப் போட்டால் கொஞ்ச நாள் ஓட்டலாமே என்று கணக்கெழுதிய புத்தி சொன்னது. சாதாரண வண்டிகளில் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போடுவார்கள், தேய்மானம் பங்கிட்டுக்கொள்ளப்படும். பஞ்சர் கடைத் தம்பியிடம் சொன்னேன். அவன் டயர் சுவரை வாசித்தான். முன்னால் 225/40 ஆர் 18, பின்னால் 255/35 ஆர் 18. முன்னது 225 மில்லிமீட்டர் அகலம், பின்னது 255. முன்னது பின்னால் போகாது. இடது வலதாக மாற்றலாம். ஆனால் உள் ஓரம் அங்கே போயும் உள் ஓரமாகவே இருக்கும். ரிம்மிலிருந்து கழற்றிப் புரட்டிப் போட்டால் மொட்டை ஓரம் வெளியே வருமே என்றேன். அவன் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் 'அவுட்சைடு' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அந்தப் பக்கம் வெளியேதான் இருக்க வேண்டுமாம். ஸ்டெப்னியை எடுத்துப் போடுவோம் என்றேன். ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஒரு 80 கிலோமீட்டர் தூரம் போய்ச் சேரலாம் என்ற வகை டயர் இது. அந்தத் தைரியத்தில் ஸ்டெப்னிக்கு இடமே வைக்கவில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியில் எதையும் எங்கும் மாற்ற முடியாது.

எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. 255இல் 35 சதவீதம் என்றால் டயர் சுவரின் உயரம் 89 மில்லிமீட்டர். பழைய மாருதி 800இன் டயர் 145/70 ஆர் 12. அதன் சுவர் 101 மில்லிமீட்டருக்கு மேல். குழியில் இறங்கும்போது முதுகெலும்பைக் காப்பது அந்தச் சுவர்தான். அதாவது, கடையநல்லூரிலிருந்து சொக்கம்பட்டி போவதற்கு எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் இன்னும் வைத்திருக்கும் மாருதி 800தான் தகுதியான வண்டி. நான் அவரைத் தாண்டும்போதெல்லாம் கையசைத்துவிட்டுப் போவேன். அடுத்த வேகத்தடையில் நான் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைத் தாண்டிப் போவார். கையசைக்க மாட்டார். நல்ல மனுஷன்.

இந்த வண்டிக்கு ஏற்ற அலைன்மெண்ட் மேடை தேடி ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போனேன், கம்பி தெரியும் டயரோடு, மாட்டுவண்டிக்கும் வழிவிட்டுக்கொண்டு. நாலு சக்கரத்திலும் கண்ணாடி வில்லை மாட்டி, கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். பச்சையில் சில எண், சிவப்பில் சில எண். பணிக்காலம் முழுக்க சிவப்பு மையைக் கண்டு நடுங்கியவன் நான். எழுந்து நின்றுவிட்டேன்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு விஷயம் இருக்கு சார். ஒண்ணு கேம்பர். சக்கரத்தோட தலை உள்பக்கமாச் சாஞ்சிருக்கு, மைனஸ் ரெண்டு டிகிரி கிட்ட. அது பச்சைதான். கம்பெனி கொடுத்த அளவுக்குள்ளதான் இருக்கு."

"அளவுக்குள்ள இருந்தா ஏன் தேயுது?"

"கம்பெனியே தேயுற மாதிரிதான் கொடுத்திருக்கான்."

அவர் விளக்கியது இது. வண்டி வேகமாக வளையும்போது உடம்பு வெளிப்பக்கம் சரியும். சக்கரமும் அதோடு சரிந்து டயரின் வெளி ஓரத்தில் நிற்கும், பிடிமானம் போகும். ஆகவே ஸ்போர்ட்ஸ் காரில் முன்கூட்டியே சக்கரத்தை உள்பக்கம் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். வளைவில் போகும்போது அது நிமிர்ந்து முழு அகலமும் ரோட்டில் பதியும். நேராகப் போகும்போது உள் ஓரம்தான் பாரத்தைச் சுமக்கும். 255 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரை இரண்டு டிகிரி சாய்த்தால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு. புது டயரின் பட்டன் ஆழமே சுமார் 8 மில்லிமீட்டர்தான். டிக்கியில் பாரம் ஏற்றினால் வண்டி தாழ்ந்து, சக்கரம் இன்னும் உள்ளே சாயும் என்றார். நான் தேங்காயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் டிக்கியைத் திறந்து ஒரு கதம்பைத் துண்டை எடுத்துக் காட்டினார். அதற்கும் எதுவும் சொல்லவில்லை.

ஆக, வளைவில் பறப்பதற்காகச் சாய்ந்து நிற்கிற சக்கரத்தை நான் வளைவே இல்லாத ரோட்டில் உருட்டிக்கொண்டிருந்தேன். கடையநல்லூரிலிருந்து தென்காசி வரை கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலை. 744 என்று எண். அதில் ஆடு குறுக்கே வந்தால் நிற்பதும், மொபெட் குறுக்கே வந்தால் நிற்பதும் உண்டே தவிர, மைனஸ் இரண்டு டிகிரிக்கு வேலை கொடுக்கிற வளைவு எங்கே இருக்கிறது?

"ரெண்டாவது விஷயம்தான் பெரிசு. டோ." இடது பின் சக்கரம் நேரே பார்க்காமல் அரை டிகிரி வெளியே திரும்பி நின்றது. அது சிவப்பு. சாய்வு மட்டும் இருந்தால் மெதுவாகத்தான் தேயும். திருப்பமும் சேர்ந்தால் அரம் வைத்து ராவுகிற வேகத்தில் போய்விடும் என்றார். அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையில் ரப்பர் புஷ் ஒன்று செத்துப்போயிருந்தது. மேடையில் நிற்கும்போது அரை டிகிரி. ரோட்டில் மிதிக்கும்போது அது எவ்வளவு ஆடுமோ சக்கரத்துக்குத்தான் தெரியும்.

அரை டிகிரிதானே என்று கேட்டுவிட்டு, அங்கேயே ஒரு காகிதம் வாங்கிக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால் டயர் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கடையநல்லூரிலிருந்து தென்காசிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு முறை தென்காசி போகும்போதும் அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட 150 மீட்டர் குறுக்கே தேய்க்கப்பட்டிருக்கிறது. பென்ஷன் ஆபீஸில் 'அடுத்த வாரம் வாங்க' என்று சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் போக வர 300 மீட்டர். சங்கத்தில் இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் தணிக்கையில் ஆட்சேபணை எழுதியிருப்பார்கள்.

புஷ் வருகிற வரை காத்திருக்கும்போது மூத்த மெக்கானிக் பழைய கதைக்குப் போனார். சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார் கட்டியது. டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருப்பார்கள். அதன் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அச்சில், நடுவிலிருந்து ஊசலாடும். ஆளில்லாமல் நின்றால் காலை உள்ளே ஒடுக்கிக்கொண்டு நிற்கும். குடும்பத்தோடு ஏறினால் காலை அகட்டிக்கொள்ளும். டயர் எந்த ஓரத்தில் தேய்கிறது என்று பார்த்தே அந்த வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம் என்றார். இதே சட்டத்தைக் குறுக்கி இங்கிலாந்தில் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கினார்கள். அங்கே இளவட்டங்கள் ஓட்டினார்கள். இங்கே நாலு கதவு வைத்துத் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனார்கள். எது புத்திசாலித்தனம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து என் துயரத்துக்கு ஓர் உலகளாவிய அந்தஸ்து கொடுக்க முயன்றேன். "சாதாரண விஷயமில்ல இது. 2005 ஜூன் 19. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். சரிவாகக் கட்டின வளைவில் மிஷலின் டயர் தாங்காதுன்னு கம்பெனியே சொல்லிட்டான். அணிவகுப்புச் சுற்று முடிஞ்சதும் பதினாலு கார் ஒண்ணு பின்னால ஒண்ணா ஷெட்டுக்குள்ள போயிருச்சு. மிச்சம் ஆறே கார். அதுல நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலாவதா வந்தார். அஞ்சு புள்ளி. ஃபார்முலா ஒன்ல புள்ளி வாங்கின முதல் இந்தியர்."

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அவரு டயர் போச்சா?"

"இல்ல, மத்தவங்க டயர்."

"மத்தவங்க டயர் போனதுல அவரு ஜெயிச்சாரு. நம்ம டயர் போனதுல யாரு ஜெயிக்கா?"

டயர் கடைக்காரர் என்பதுதான் விடை. இரண்டு பின் டயருக்கும் அவர் சொன்ன விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. துபாயில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே பிடிமானத்தில் நிற்காது என்றார் கடைக்காரர். அது நியாயமான பேச்சுதான்.

"இந்த மலைக்கு அந்தப் பக்கம் முச்சூடும் ரப்பர் மரம். டயர் மட்டும் ஏங்க இந்த விலை?" என்று மனைவி கேட்டதும் ஒரு நியாயமான கேள்விதான். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் தென்மலை, புனலூர் வரை ரப்பர். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய நம் ஆட்கள் அங்கே குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டினார்கள்; அவர்களுக்காகவே 1976இல் ஒரு தோட்டக் கம்பெனி ஆரம்பித்தார்கள். டயர் செய்யவும் ஆளில்லாமல் இல்லை. திருவொற்றியூரில் 1946இல் பொம்மை பலூன் ஊதிக்கொண்டிருந்த எம்.ஆர்.எஃப்., 1961இல் டயர் போட ஆரம்பித்துவிட்டது. மரம் பக்கத்தில், ஆலை நம் மாநிலத்தில். ஆனால் 255/35 ஆர் 18 என்ற அளவு மட்டும் எந்தக் கடையிலும் கையிருப்பில் இல்லை. மாருதி டயர் வேண்டுமானால் இப்போதே மாட்டித் தருகிறேன் என்று எல்லோரும் சொன்னார்கள். கிண்டலாகச் சொன்னார்களா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒருவழியாகப் புது புஷ், புது டயர், எல்லா எண்ணும் பச்சை. ஜெர்மன்காரன் நினைத்தபடி ஒரே ஒரு தடவையாவது இதை வளைவில் ஓட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. பக்கத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு: புளியரை எஸ் வளைவு. கேரளா போகிற மலை ஏற்றம், பெயருக்கேற்ற திருப்பம். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிடப் போகலாம் என்று மனைவியிடம் சொன்னேன். கேம்பரைப் பற்றிச் சொல்லவில்லை.

புளியரை தாண்டியதும் எனக்கு முன்னால் கல் ஏற்றிய டிப்பர் லாரி. அதற்கு முன்னால் ஜல்லி. அதற்கும் முன்னால் எம்சாண்ட். கேரளாவுக்கு வீடு கட்ட எங்கள் மலையும் குவாரியும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முதல் கியரில், பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் சொட்டுகிற தண்ணீரும் சரிகிற ஜல்லியும் கூரையில் படாமல் இடைவெளி விட்டுக்கொண்டு, அந்த மகத்தான வளைவைச் சுற்றி வந்தேன். வண்டி இம்மியும் சரியவில்லை. சக்கரம் நிமிரவுமில்லை. உள் ஓரம்தான் அப்போதும் தேய்ந்தது. லாரியின் பின்பக்கப் பலகையில் 'இடைவெளி விடவும்' என்று எழுதியிருந்ததை முழு மலையும் ஏறுகிற வரை படித்துக்கொண்டு வந்தோம். இறங்கி வந்து பிரானூரில் சாப்பிட்ட பரோட்டா நன்றாக இருந்தது.

அன்றிரவு மச்சான் பேசினான். "அத்தான், டயர் அமுங்கலையே?" அமுங்கவில்லை என்றேன். உண்மை. அமுங்குவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லாமல் பார்த்துக்கொண்டேன் என்பதை அவன் அக்கா போனைப் பிடுங்கி விளக்கினாள். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "பெட்ரோல் எவ்வளவு ஆச்சு?" என்று அவன் கேட்டதற்கு நான் தூங்கப் போய்விட்டதாக அவளே சொன்னாள்.

இப்போது தேங்காய்க்கு ஆட்டோ. தென்காசிக்கு பஸ். வண்டி வாரம் ஒருமுறை, மச்சான் சொன்னபடியே. அப்படியும் பின் டயர்கள் உள்பக்கம்தான் தேயும். இந்த ஜாதி வண்டிக்கு அது வியாதி இல்லை, பிறவிக்குணம். அலைன்மெண்ட் சரியாக இருந்தால் மெதுவாகத் தேயும், இல்லையென்றால் சீக்கிரம் தேயும், அவ்வளவே வித்தியாசம். ஸ்போர்ட்ஸ் கார் என்றில்லை, மாருதியோ மினி வேனோ எது வைத்திருந்தாலும், இந்தப் பக்கத்தை மூடியதும் வாசலுக்குப் போய் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்து முன் டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள். பின் டயருக்குப் படுக்க முடியாதவர்கள் செல்போனைக் கீழே நீட்டிப் படம் எடுத்துப் பார்க்கலாம். விரலால் தடவ வேண்டாம், கம்பி குத்தும். வெள்ளை வேட்டியோடும் போக வேண்டாம். அந்தக் கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது.